அவிட்டத்துச் சுவர்

அர்ஜுனன் ஓங்கிய கடப்பாரை சந்துச் சுவரில் இரண்டாம் முறை இறங்குவதற்குள் ஏகாம்பரநாதன் வந்து அதை நடுவில் பிடித்துவிட்டார். எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த கை. ஆனாலும் அந்தப் பிடியில் தம்பி மகனின் தோள் ஒரு பக்கமாக இழுபட்டது.

“கீழ போடுறா அதை.”

“குருக்கள் சொல்லி அனுப்பிட்டாரு பெரியப்பா. அவிட்டமாம். வாசல் வழியா எடுக்கக் கூடாதாம். சுவரை இடிச்சுத்தான் எடுக்கணுமாம்.”

“இடிக்கணும்னாரு. எந்தச் சுவர்னு சொன்னாரா?”

அர்ஜுனன் கடப்பாரையை விடவில்லை.

“இந்தச் சந்துல எது போயிருக்குது தெரியுமா உனக்கு? செத்த மாடு போயிருக்குது. எருக்கூடை போயிருக்குது. இந்த வீட்டு மனுசன் எவனும் பொணமா இந்த வழி போனதில்லை.”

“உயிரோட போனாரே பெரியப்பா. பன்னெண்டு வருசமா எங்கப்பா இந்தச் சந்துலதானே போய் வந்தாரு.”

சந்தின் முனையில் பாடை கட்டப் பச்சை மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது ஏகாம்பரநாதனின் கோபத்தை இன்னும் கிளப்பியது. கடப்பாரையைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து, சந்து வாசல் வழியாகத் தம்பி வீட்டுக்குள் போனார்.

அன்று விடிந்ததும் தம்பி அருணகிரி செத்துப்போனான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொண்டே தண்ணீர் கேட்டானாம். சொம்பு வருவதற்குள் சாய்ந்துவிட்டான். வீட்டை இரண்டாகப் பிரித்திருந்த நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் வந்தபோது ஏகாம்பரநாதன் திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்துகொண்டிருந்தார். அந்தச் சத்தம் எதற்கென்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரலில் எடுத்த திருநீற்றை மறுபடி சம்புடத்திலேயே உதறினார். அர்ஜுனனைச் சைக்கிளில் டவுனுக்கு அனுப்பி, உமாமகேஸ்வர குருக்களிடம் நட்சத்திரம் கேட்டுவரச் சொன்னதும் அவர்தான். அவிட்டம் என்று வந்து சொன்னதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “சாகறதுக்கு நாள் பாத்தான் பாரு” என்பதுதான்.

அவிட்டத்தில் செத்தால் ஆறு மாத அடைப்பு. உயிர் போன இடத்தைப் பூட்டிவைத்து, அந்தி வேளையில் விளக்கு மட்டும் ஏற்ற வேண்டும். உடலை வாசல் வழியாகக் கொண்டுபோனால் வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்பது ஊரில் எல்லோரும் நம்புகிற விஷயம். அதற்காகச் சுவரில் வழி செய்து எடுத்து, எடுத்த கையோடு அடைத்துவிடுவார்கள். அடி அண்ணாமலையில் இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. மண் சுவர்தானே, அரை நாளில் பூசிவிடலாம். ஆனால் அவையெல்லாம் மற்றவர்கள் வீடுகள்.

இந்த வீடு தாது வருஷப் பஞ்சத்தில் எழும்பியது. ஜனங்கள் கஞ்சிக்கு அலைந்தபோது ஏகாம்பரநாதனின் கொள்ளுத் தாத்தா தன் தானியக் குதிர்களைத் திறந்து, வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கூழ் ஊற்றிக் கட்டிய வீடு. ஜவ்வாது மலையிலிருந்து ஒரே வேங்கை மரத்தை வெட்டி, இரண்டு கட்டை வண்டிகளை முன்னும் பின்னுமாகப் பிணைத்து, செங்கம் வழியாகக் கொண்டுவந்து கூடத்துக்கு உத்தரமாக ஏற்றினார்கள். முகப்பிலிருந்து முற்றத்துத் தூண் வரை அது ஒரே மரம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கல்யாணப் பந்தியில் நெருக்கமின்றி இலை போட வேண்டும் என்று கொள்ளுத் தாத்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். பெண் பார்க்க வந்தவர்கள், பங்காளிகள், தாசில்தார் என்று யார் வந்தாலும் முதலில் அண்ணாந்து அந்த உத்தரத்தைத்தான் பார்ப்பார்கள். ஏகாம்பரநாதன் அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்.

மரம்தான் உடம்பு, சுவரெல்லாம் மேலே போட்ட சட்டை என்பார் அவர் அப்பா. அதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் சிறுவனாக இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் மலைத் தண்ணீர் தெருவில் இறங்கி, ராத்திரியோடு ராத்திரியாக மண் சுவர்களைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. விடிந்து பார்த்தால் தெருவில் பாதி வீடுகள் குப்புற விழுந்து கிடந்தன. அவர்கள் வீடு மட்டும் தூண்களின் மேல் ஓடு கலையாமல், குடை பிடித்தது போல நின்றது. அடுப்புக்கூட எரிந்துகொண்டிருந்தது என்று அப்பா சொல்வார். அது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கலாம். ஆனால் வீடு நின்றது நிஜம். இந்த வீட்டில் சுவர் எதையும் தாங்காது என்று அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது, பிறகு அழியவே இல்லை.

அப்படிப்பட்ட கூடத்தின் நடுவேதான் எழுபதாம் வருஷம் அருணகிரி செங்கல் சுவர் எழுப்பினான்.

தம்பியின் பாதிக்குள் அவர் காலெடுத்து வைப்பது அதற்குப் பிறகு இன்றுதான். காலையில் சாவைப் பார்க்க வந்தபோது கண் எதிலும் நிலைக்கவில்லை. இப்போது நிலைத்தது. முற்றத்து ஓரத் தூண்களுக்கெல்லாம் பச்சை பெயிண்டு அடித்திருந்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பெஞ்சுக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. தூணின் தலையில் பூவும் கொடியுமாகச் செதுக்கிய போதிகைகளையும் விட்டுவைக்கவில்லை. பூ எது, இலை எது என்று தெரியாதபடி மொத்தமாகப் பூசி வழித்திருந்தான்.

“கண்றாவி” என்றார் வாய்விட்டு.

தம்பி அந்தத் தூணுக்குப் பக்கத்தில் பெஞ்சின் மேல் கிடந்தான். தாடையைக் கட்டியிருந்தார்கள். சின்ன வயதில் அடிவாங்கிவிட்டு அழாமல் இருக்க உதட்டை அழுத்திக்கொள்வானே, அதே முகம். ஏகாம்பரநாதன் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

தலைமாட்டு விளக்கு அணையப் பார்த்தது. அவர் மனைவி ரேணுகாம்பாள் எழுந்து, யாரையும் கேட்காமல், உள்ளறை மாடத்துக்குப் பின்னால் கைவிட்டு எண்ணெய்ச் சீசாவை எடுத்து வந்து ஊற்றினாள்.

“உனக்கு எப்படித் தெரியும் அது அங்க இருக்குதுன்னு?”

“வீடுன்னா எண்ணெய் எங்கியாவது இருக்கும்” என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

பன்னிரண்டு வருஷமாகத் தன் முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ நடந்திருக்கிறது. அதை இப்போது கேட்க முடியாது. அந்த எரிச்சலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“சந்துச் சுவரை யாரும் தொடக் கூடாது. முகப்பையும் தொடக் கூடாது. நடுச்சுவரை இடிங்க. பொணம் என் பக்கம் வரட்டும். அங்கேருந்து தலைவாசல் வழியாப் போகட்டும்.”

ரேணுகாம்பாள் நிமிர்ந்தாள். “வாசல் வழியா எடுக்கக் கூடாதுன்றாங்க.”

“அவன் வாசல் சந்து வாசல். பங்கு பிரிச்சப்போ தலைவாசல் வேண்டாம்னு அவனேதான் சொன்னான். அவன் வாசல்ல எடுக்கலையே.”

“அப்போ அடைப்பு நம்ம பக்கமும் வருமே.”

“வரட்டும். யாரைக் கொண்டுபோவும்? என்னைத்தானே. கொண்டுபோவட்டும்.”

தலைமாட்டில் குந்தியிருந்த சந்திரம்மாள் எழுந்தாள். அருணகிரியின் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தார் எதிரில் நின்று அவள் பேசியதில்லை. பேச வேண்டியிருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று யாரிடமோ சொல்வது போலச் சொல்வாள். இன்று நேராக வந்து நின்றாள்.

“அந்தச் சுவரை மட்டும் தொடாதீங்க மாமா.”

“ஏன்?”

“அவரு சொல்லியிருக்காரு. அதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு.”

“செத்த பெறகும் பங்கு விட்டுப்போவக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனானா?”

“அது பங்குச் சுவரில்ல மாமா. அது வீட்டைத் தாங்கிட்டு இருக்குது.”

ஏகாம்பரநாதன் சிரித்தார். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் சிரித்தார். “இந்த வீட்டுல சுவர் எதையும் தாங்காது. நீ வர்றதுக்கு முப்பது வருசம் முந்தியே எனக்குத் தெரியும். மழையில சுவரே இல்லாம நின்ன வீடு இது. எவனோ கொத்தனார் நாலு செங்கல் வெச்சு, அதுதான் தாங்குதுன்னு உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கான், நீயும் நம்பிட்டிருக்கற.”

“கொத்தனார் சொல்லல. உங்க தம்பிதான் சொன்னாரு.”

“அவனுக்கு இன்னா தெரியும்” என்றார். பிறகு அர்ஜுனன் பக்கம் திரும்பினார். “வாடா. அந்தப் பக்கம் வா.”

தெருவைச் சுற்றிக்கொண்டு, தலைவாசல் வழியாகத் தன் கூடத்துக்கு அவனை அழைத்துப் போனார். பெரியப்பன் வீட்டுத் தலைவாசலை அர்ஜுனன் பையனாக இருந்தபோது தாண்டியது. இப்போது முப்பது வயதில் நிலைப்படி எவ்வளவு உயரம் என்று தெரியாமல் தடுக்கினான். அதற்கும் ஒரு அதட்டல் வாங்கினான்.

மேலிருந்து பிரித்து வந்தால்தான் இடிபாடு சரியாது என்று பெஞ்சைப் போட்டு அவனை ஏற்றினார். உத்தரத்தின் அடியோடு ஒட்டிப் பூசியிருந்த சுண்ணாம்பை அவன் கொத்தினான். பூச்சு பாளமாக விழுந்தது. முதல் செங்கல்லை நெம்பி எடுத்தான். இரண்டாவது வரவில்லை. அதன் தலையில் ஏதோ இறுகியிருந்தது.

“மேல ஏதோ மரம் இருக்குது பெரியப்பா.”

“இருந்தா அடிச்சுத் தள்ளு.”

அர்ஜுனன் அடித்தான். அது ஒரு பக்கமாக நழுவியது. அப்போது தலைக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் திரும்பும்போது அச்சு முனகுமே, அப்படிப்பட்ட சத்தம். உத்தரத்திலிருந்து நூறு வருஷத்துத் தூசி அவர்கள் இருவரின் மேலும் கொட்டியது. முற்றத்தில் ஓடு ஒன்று சரிந்து விழுந்து உடைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் அலறிக்கொண்டு எழுந்து ஓடுவது கேட்டது.

“எறங்குடா” என்றார். அவன் இறங்கியதும், தடுத்த அவன் கையைத் தட்டிவிட்டுத் தாமே பெஞ்சில் ஏறினார்.

பூச்சு விழுந்த இடத்தில், சுவரின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில், வரிசையாக மர ஆப்புகள் இறுக்கியிருந்தன. எல்லாம் வேங்கைத் துண்டுகள். ஒவ்வொன்றையும் இழைத்து, உத்தரத்தின் அடிக்குச் சரியாகப் பொருந்தும்படி சீவிச் செருகியிருந்தான் தம்பி. ஒவ்வொன்றுக்கும் பச்சை பெயிண்டு அடித்திருந்தது. அர்ஜுனன் தள்ளிய ஆப்பின் இடத்தில் கண்ணை வைத்துத் தம்பியின் பக்கமாகப் பார்த்தார். உத்தரத்தின் இந்தப் பக்கம், அவர் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்ட பக்கம், வழவழவென்று இருந்தது. அந்தப் பக்கம் நடுவில் விரிசல் விட்டிருந்தது. கையை நுழைத்தார். மணிக்கட்டு வரை போயிற்று. உள்ளே கரையான் தின்ற மரம் பழைய ரொட்டி போல விரலில் உதிர்ந்தது.

கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

அறுபத்தொன்பதாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். வீடு நிறைய உறவுக்காரர்கள். சாப்பாட்டுப் பந்தி நடுவில் அருணகிரி வந்து, “அண்ணா, உத்தரத்துல சத்தம் கேக்குது. நடுவுல ஒரு தூண் குடுத்துடலாம்” என்றான். மேற்கே பெண் கொடுத்த சம்பந்திகள் அண்ணாந்து பார்த்தார்கள். “கொள்ளுத் தாத்தா வெச்ச கூடத்துல தூண் நடறதுக்கு நீ யாரு?” என்று கேட்டு, இலைகளுக்கு நடுவிலேயே அவனை அறைந்தார். சோற்றுக் கையோடு சம்பந்திகள் எழுந்து பிடித்தார்கள். அருணகிரி உதட்டை அழுத்திக்கொண்டான். தை பிறந்ததும் பங்கு கேட்டான். நிலத்தில் மேட்டுப் பக்கத்தை விட்டுக்கொடுத்தான், தலைவாசலை விட்டுக்கொடுத்தான். கூடத்தின் நடுவே சுவர் வேண்டும் என்பதில் மட்டும் விடாப்பிடியாக நின்றான். ‘முகப்பை இடித்து வாசல் வைக்கக் கூடாது’ என்று ஏகாம்பரநாதன் போட்ட நிபந்தனைக்கும் தலையாட்டினான். அதனால்தான் சந்து வாசல்.

சந்திரம்மாள் தலைவாசலில் வந்து நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

“பாத்தீங்களா?” என்றாள்.

அவர் திரும்பாமல் கையை வெளியே எடுத்தார்.

“உத்தரம் விட்டுப்போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா எங்கண்ணன் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க மாட்டாருன்னாரு. அண்ணன் தம்பி சண்டைன்னே ஊரு பேசிக்கட்டும்னாரு. ராவும் பகலும் உக்காந்து ஆப்பு சீவினாரு. கரையான் ஏறக் கூடாதுன்னு பூச்சி மருந்து கலந்து பெயிண்டு அடிச்சாரு. பச்சை அடிக்கிறாருன்னு யாரோ சொன்னதை வெச்சு, நீங்க தெருவுல நின்னு, டீக்கடைக்காரன் வீடுன்னு சொன்னது எங்க காதுல விழுந்துது. அதுக்கும் அவரு ஒண்ணும் சொல்லல. உங்க மானத்தை அவரு காப்பாத்தினாரு மாமா. நான் சந்துல நடந்தேன். என் மருமவ சந்துல நடந்து வந்தா. மாட்டுக்குப் பின்னாடி ஒதுங்கி நின்னு.”

குரல் உயரவில்லை. ஏகாம்பரநாதன் பெஞ்சிலிருந்து இறங்கினார். தலையிலும் புருவத்திலும் தூசி.

“ஆப்பை எடுத்த எடத்துலயே வெச்சு இறுக்குடா” என்றார் அர்ஜுனனிடம். “செங்கல்லையும் வை. மெதுவா அடி. எருமை மாதிரி அடிக்காதே.”

அவன் இறுக்கி முடிக்கும்வரை உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு தலைவாசல் வழியாகத் தெருவில் இறங்கினார். ரேணுகாம்பாள் பின்னாலேயே வந்தாள். வீட்டின் முகப்பு மலையைப் பார்த்து இருந்தது. வருஷா வருஷம் தீபத்துக்கு முன்னால், தம்பியின் பாதிக்கும் சேர்த்துத் தன் செலவில் அவர்தான் வெள்ளையடிப்பார். கிரிவலம் வருகிறவர்கள் பாதி வெள்ளையாகவும் பாதி அழுக்காகவும் பார்க்கக் கூடாது என்று. தம்பியின் பாதியில், கூரையைத் தாங்கும் இரண்டு மரக்கால்களுக்கு நடுவே சுவர் அகலமாக இருந்தது.

“முகப்பை இடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே...” என்றாள் ரேணுகாம்பாள்.

“வாயை மூடு.”

ஓங்கி இறக்கினார். வெள்ளைப் பூச்சு தெறித்தது. அடுத்ததில் மண் பொத்தலானது. மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்து கடப்பாரையை வாங்கப் பார்த்தார்கள். கொடுக்கவில்லை. மூச்சு இரைத்து, கை நழுவிய பிறகுதான் அர்ஜுனன் வந்து வாங்கிக்கொண்டான். அப்போதும் அவர் விலகாமல் பக்கத்திலேயே நின்றார்.

“மரத்துல படாம இடி. கால்ல பட்டுதோ, உன் காலை ஒடைச்சுடுவேன்.”

சுவர் விழ விழ, உள்ளே பெஞ்சும், விளக்கும், தம்பியின் காலும் தெருவுக்குத் தெரிந்தன. மலை சுற்றிக்கொண்டிருந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று நின்று, கையில் இருந்த செருப்பைக் கீழே வைத்துக் கும்பிட்டது.

பகல் சாய்வதற்குள் எடுத்தார்கள். பாடை அந்தத் திறப்பில் வெளியே வந்தபோது ஏகாம்பரநாதன் இரண்டு மரக்கால்களுக்கும் நடுவே நின்று, மேலே குறுக்காக ஓடிய விட்டத்தில் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

“குனிஞ்சு வாங்கடா. தலையில இடிக்கப் போவுது அவனுக்கு. பாத்து வாங்க. பாத்து வரத் தெரியாதா?”

யாரும் இடிக்கவில்லை. இருந்தும் தெரு முனை வரை திட்டிக்கொண்டே போனார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து வந்தபோது, தம்பியின் கூடத்தைப் பூட்டி, மாடத்தில் விளக்கு வைத்திருந்தார்கள். முகப்புத் திறப்பை என்ன செய்வது என்று பங்காளி ஒருவர் கேட்டார். எடுத்த கையோடு அடைத்திருக்க வேண்டும். மண் குழைத்துத் தயாராக இருந்தது.

“மண்ணு வேண்டாம். தட்டி கட்டினா போதும்” என்றார் ஏகாம்பரநாதன்.

“ஆறு மாசத்துக்கு தட்டி தாங்குங்களா?”

“தாங்குற வரைக்கும் தாங்கட்டும். அப்புறம் அங்க ஒரு வாசல் நிலை வைக்கணும்.”

சந்திரம்மாள் ஈரப் புடவையோடு பழக்கத்தில் சந்துப் பக்கம் திரும்பினாள். ரேணுகாம்பாள் அவள் கையைப் பிடித்து, தலைவாசல் வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் இருவரும் நடுச்சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஏகாம்பரநாதன் தன் பக்கத்து முற்றத்தில், தன் தூணில் சாய்ந்து நின்றார். ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய் தேய்த்துக் கறுத்து மின்னுகிற தூண். பின்னால் வைத்த கையில் ஏதோ பொரபொரவென்று பட்டது. திரும்பி, சுவர்ப் பக்கமாகத் தூணின் முதுகைப் பார்த்தார். அவர் எண்ணெய்க் கை போகாத இடம். தரையிலிருந்து போதிகை வரை விரல் அகலத்துக்கு மண் கோடு ஏறியிருந்தது. நகத்தால் கீறினார். உள்ளே கரையான்கள் வெள்ளை வெள்ளையாக ஓடின.

“அர்ஜுனா.”

“இன்னா பெரியப்பா?”

“உங்கப்பன் அடிச்சானே, அந்தப் பச்சை.” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மிச்சம் கிச்சம் இருக்குதா?”

அவன் சந்துப் பக்கம் போய், மாட்டுக் கொட்டகைப் பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தான். மூடி துருவேறி இறுகிப் போயிருந்தது. ஏகாம்பரநாதன் கீழே குந்தி, கடப்பாரையின் முனையை மூடிக்கு அடியில் கொடுத்து நெம்பினார். மூடி வந்துவிட்டது. மேலே தடியாக ஏடு கட்டியிருந்தது. விரலால் அழுத்தினார். ஏடு உடைந்து, விரல் இரண்டு கணு உள்ளே போயிற்று. அடியில் பச்சை இன்னும் ஈரமாக இருந்தது.